தேங்காய்த் தண்ணீரில் விளையும் 'தோல்'

கொப்பரைக்காக முற்றிய தேங்காயை உடைக்கும்போது வழியும் தண்ணீரை இளநீரைப் போல் விரும்பிக் குடிப்பார் இல்லை. ஆலைகள் அதைப் பெருமளவில் வெளியே விட்டால், அது புளித்து மண்ணின் அமிலத்தன்மையைக் கூட்டிவிடும். இவ்வாறு வீணாகும் தண்ணீரே கேரளத்தில் இன்று பைகளாக உருமாறுகிறது.

'மலாய்' என்னும் நிறுவனம் இத்தண்ணீரைச் சேகரித்துக் கிருமி நீக்கி, அதில் பாக்டீரியாவை வளர்க்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில், பாலாடை படிவதைப் போலச் செல்லுலோஸ் படலம் திரள்கிறது. அதனுடன் வாழை போன்ற தாவரங்களின் நாரைக் கலந்து, தாள்களாக்கி, சாயமேற்றி மென்மையாக்குகிறார்கள்.

பிலிப்பைன்ஸில் அறுவடைக்குப் பின் எஞ்சும் அன்னாசி இலைகளின் நாரிலிருந்து 'பின்யாடெக்ஸ்' உருவாகிறது. 1 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 480 இலைகள் தேவை. தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்பெற்ற கான்பூரிலேயே, கோயில்களில் சேரும் மலர்க்கழிவிலிருந்து தோலுக்கு மாற்றுப் பொருளை 'பூல்' நிறுவனம் உருவாக்கியுள்ளது.

விலங்குத் தோலைப் பதனிடப் பெரும்பாலும் குரோமிய உப்புகளே பயன்படுகின்றன. கழிவுநீரை முறையாகச் சுத்திகரிக்காவிடில் நிலத்தடி நீர் கெடும். ஆயினும், 'தாவரத் தோல்' என்று எழுதியிருப்பதாலேயே ஒரு பொருள் முற்றிலும் தாவரமாகிவிடாது. நீர் புகாமலும் நீடித்து உழைக்கவும் பலவற்றின்மீது பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் பூசப்படுகிறது. அத்தகையவை எளிதில் மட்குவதில்லை. எனவே வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்பது நலம்: தாவரப் பொருளின் பங்கு எவ்வளவு? மேற்பூச்சு எது? எத்தனை ஆண்டு உழைக்கும்?

இத்தொழிலில் இறங்க எண்ணுவோர் மூலப்பொருளை முதலில் கணக்கிட வேண்டும் என்பது நம் கருத்து. தேங்காய்த் தண்ணீர் விரைவில் கெடும். வாழைத்தண்டோ கனமானது, தொலைவிலிருந்து கொண்டுவந்தால் வண்டிச்செலவே ஆதாயத்தை விழுங்கிவிடும். ஆகவே கழிவு சேரும் இடத்துக்கு அருகிலேயே கூடம் அமைய வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், உற்பத்தித் தொழிலுக்கு 50 இலட்சம் ரூபாய் வரையிலான திட்ட மதிப்பீட்டுக்குக் கடனும் மானியமும் பெற வழியுண்டு. விண்ணப்பிக்குமுன், வாங்குவோரிடம் மாதிரியைக் காட்டி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.

உழவர் காசு கொடுத்து அகற்றும் கழிவுக்கு ஒரு விலை கிடைக்குமானால், அது தோட்டத்திலேயே பிறக்கும் இரண்டாவது வருமானம். அந்த விலை உழவரின் கைக்குச் சேரும்போதுதான் இப்புதிய தொழில் முழுப்பயன் தரும்.