தூங்காத கம்ப்யூட்டர்!

இரவு 10 மணி. வாடிப்பட்டியில் ஒரு வீடு.

மகன் கம்ப்யூட்டரில் பாடம் எழுதிக்கொண்டு இருந்தான். "சாப்பிட வாடா!" என்று தாயார் கூப்பிட்டார். எழுந்து போனான். சாப்பிட்டான். அப்படியே படுத்துத் தூங்கிவிட்டான்.

வீட்டில் எல்லோரும் தூங்கினார்கள். கம்ப்யூட்டர் மட்டும் தூங்கவில்லை! விடிய விடிய மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருந்தது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. கம்ப்யூட்டர் உள்ள எந்த வீட்டிலும் நடக்கக் கூடியதுதான்.

60 யூனிட்!

1,000 வாட் சக்தி உள்ள பொருள் 1 மணி நேரம் ஓடினால், மீட்டரில் 1 யூனிட் ஏறும்.

மேஜைக் கம்ப்யூட்டரும் அதன் திரையும் சேர்ந்து 100 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு 10 மணி நேரம் சும்மா ஓடினால் 1 யூனிட். 2 மாதத்துக்கு, அதாவது 60 இரவுக்கு, 60 யூனிட்!

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2016-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்த 100 யூனிட்டில் 60 யூனிட், யாருமே பார்க்காத கம்ப்யூட்டருக்குப் போகலாமா?

அதே கம்ப்யூட்டர் "தூங்கினால்" 1 வாட் அல்லது 2 வாட்தான் இழுக்கும். 60 இரவுக்கும் சேர்த்து சுமார் 1 யூனிட்!

படம் ஓடினால் போதாது

"திரையில்தான் மீன் நீந்துகிறதே, பூ விரிகிறதே. கம்ப்யூட்டர் ஓய்வு எடுக்கிறது" என்று சிலர் நினைப்பார்கள். அது தவறு.

பழைய காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரையில், ஒரே படம் நெடுநேரம் நின்றால் தழும்பு விழும். அதைத் தடுக்க வந்ததே அந்த ஓடும் படம். அதனால் மின்சாரம் மிச்சம் ஆகாது.

மிச்சம் பிடிக்கும் முயற்சிக்கு அமெரிக்க அரசு கைகொடுத்தது. அதன் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1992-ல் "எனர்ஜி ஸ்டார்" என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. அதை முதலில் பெற்றவை கம்ப்யூட்டர்களும் அவற்றின் திரைகளும்தான். ஆள் இல்லாதபோது தானே அடங்கும் கம்ப்யூட்டருக்கு மதிப்பு வந்தது.

எந்தத் தூக்கம் நல்லது?

கம்ப்யூட்டருக்கு இரண்டு தூக்கம் உண்டு.

ஒன்று "ஸ்லீப்". இது கோழித் தூக்கம். செய்த வேலையைக் கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருக்கும். தட்டியதும் விழிக்கும். ஆனால் நினைவைக் காக்கக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும்.

மற்றொன்று "ஹைபர்னேட்". இது ஆழ்ந்த தூக்கம். வேலை முழுவதையும் வட்டில் எழுதி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் அடங்கிவிடும். மின்சாரமே இல்லாவிட்டாலும் வேலை அழியாது. விழிக்கச் சற்று நேரம் ஆகும்.

2012-ல் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்றும் காற்று, மழை என்றாலும், பராமரிப்பு வேலை என்றாலும் மின்சாரம் நிற்கும். கோழித் தூக்கத்தில் இருக்கும் மேஜைக் கம்ப்யூட்டருக்கு அப்போது மின்சாரம் போனால், சேமிக்காத பாடம் போய்விடும்! லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு. அது தீரும் வரை பயம் இல்லை.

எப்படி அமைப்பது?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் "செட்டிங்ஸ்" திறந்து, "சிஸ்டம்" என்பதில் "பவர்" பகுதிக்குப் போக வேண்டும்.

திரை அணைய 5 நிமிடம். தூங்க 15 நிமிடம். இது வீட்டுக்குப் போதும்.

லேப்டாப்பில் பேட்டரியில் ஓடும்போது ஒரு நேரம், பிளக்கில் ஓடும்போது ஒரு நேரம் என்று தனித்தனியாக வைக்கலாம்.

இரவில் பெரிய கோப்பு இறங்க வேண்டுமா? தூங்கினால் அந்த வேலை நின்றுவிடும். அன்று மட்டும் திரையை அணைத்து, தூக்கத்தை "நெவர்" என்று வைக்கலாம். காலையில் மறக்காமல் மாற்றிவிட வேண்டும்.

வேலை முடிந்து படுக்கப் போகும்போது முழுவதும் நிறுத்துவதே மேல். பாதியில் விட்ட வேலை இருந்தால், அதைச் சேமித்துவிட்டு "ஹைபர்னேட்" செய்யலாம். மெனுவில் அது தெரியாவிட்டால் "கண்ட்ரோல் பேனல்" சென்று "பவர் ஆப்ஷன்ஸ்" பகுதியில் பார்க்கலாம்.

வெளியூர் போகிறவர்கள் கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும்.

மடையை அடைப்பது போல...

1895-ல் கட்டி முடிக்கப்பட்டது பெரியாறு அணை. அதன் தண்ணீர் லோயர் கேம்பில் மின்சாரம் தந்துவிட்டு, வைகை வழியாக வந்து, கால்வாயில் ஓடி, வாடிப்பட்டி வயல்களில் பாய்கிறது.

வயல் நிறைந்த பிறகும் மடையைத் திறந்து விட்டுத் தூங்கப் போகும் விவசாயி உண்டா? மின்சாரமும் அந்தத் தண்ணீர் போலத்தான். அதற்கும் மடை உண்டு. படுக்கப் போகுமுன் அடைத்துவிட வேண்டும்!