வன்முறையைச் சொல்லும் நாவல்களை எப்படி வாசிப்பது?



நம் வாசிப்புக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளைப் படிக்கவே நெஞ்சு தாங்கவில்லை. எரிப்பையும் கொலையையும் நாவலிலும் ஏன் படிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. இதற்கான விடையைக் கீழ்வெண்மணியிலிருந்து தேடுவோம்.

1968 டிசம்பர் 25 இரவு அங்கே ஒரே குடிசைக்குள் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததுமே அந்த மக்கள் செய்த குற்றம். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. நிலமும் வசதியும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்றும் தீர்ப்பு சொன்னது. சாட்சிகள் இருந்தார்கள். ஆனாலும் பண்ணையார் சேரிக்குள் தீயோடு வருவதை நீதிமன்றத்தால் கற்பனை செய்ய முடியவில்லை.

நாவலின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மனிதன் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறான் என்பதை நாவல் காட்ட முடியும். எனவே இத்தகைய நாவலைத் திறக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வன்முறையின் காரணத்தை இது எங்கே வைக்கிறது என்பதுதான்.

வெண்மணியைப் பற்றிய மூன்று நாவல்களை இந்தக் கேள்வியோடு அடுத்தடுத்துப் படிக்கலாம். முதலாவது, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. வெண்மணியைப் பரவலான வாசகர்களிடம் கொண்டுசென்ற நாவல் அது. ஆனால் பண்ணையாரின் வெறிக்கு அவருடைய ஆண்மைக் குறை காரணமாகக் காட்டப்படுகிறது. அப்படியானால் அவரோடு திரண்டு வந்த கூட்டத்துக்கு என்ன குறை? சாதியில் இருக்கும் காரணம் தனி ஆளின் உடம்புக்கு இடம் மாறிவிடுகிறது.

இரண்டாவது, சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' (1999). கீழத்தஞ்சைப் பேச்சு, வயல் வேலை, கூலித் தகராறு, சங்கம் என்று அந்த மண்ணிலிருந்தே எழுந்த நாவல். இது காரணத்தை நிலவுடைமையில் வைக்கிறது. சாதியை வர்க்கத்துக்குள் அடக்கிவிடுகிறதா என்று விவாதித்துக்கொண்டே படிக்க வேண்டும்.

மூன்றாவது, மீனா கந்தசாமி 2014இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். 'குறத்தியம்மன்' என்று தமிழுக்கும் வந்தது. இதில் கதைசொல்லி அடிக்கடி குறுக்கிட்டு, இந்தத் துயரத்தை ரசிக்கும்படியான கதையாக்க மறுக்கிறார். மிராசுதார்கள் அரசுக்கு எழுதும் மனுவும் நாவலுக்குள் வருகிறது. தீ வைப்பதற்கு முன்பே காகிதத்தில் வேலை நடந்திருக்கிறது என்று நமக்குப் புரிகிறது.

வெண்மணிக்கு வெளியேயும் இரண்டு நூல்களைச் சொல்வோம். இமையத்தின் 'பெத்தவன்' நெடுங்கதையில், தலித் இளைஞனை விரும்பிய மகளைக் கொல்லும்படி ஊர்ப் பஞ்சாயத்து தகப்பனுக்குக் கெடு வைக்கிறது. அவர் மகளைத் தப்ப வைத்துவிட்டுத் தானே விஷம் குடிக்கிறார். இது இதழில் வெளிவந்த 2012ஆம் ஆண்டின் நவம்பரில்தான், சாதி மறுப்புத் திருமணம் ஒன்றில் பெண்ணின் தந்தை இறந்ததைத் தொடர்ந்து, தருமபுரியில் தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. கதை சோதிடம் சொல்லவில்லை. ஊருக்குள் முன்பே இருந்ததைப் பார்த்திருந்தது.

பி. சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) நம் வீட்டுக்குள் திரும்புகிறது. ஆதிக்கச் சாதியாரால் அடிபட்ட தங்கம் என்ற விதவை, நியாயம் கேட்டுத் தலித் தலைவர் காத்தமுத்துவிடம் வருகிறாள். அவளுக்காக வழக்கு நடத்தும் அவரே அவளைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்துவிடுகிறார். இயக்கத்தில் இருக்கும் ஆண்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். படிக்கும்போது நமக்கே கோபம் வந்தால், யார் மீது வருகிறது என்று நின்று பார்க்க வேண்டும்.

இந்நூல்களைத் தனியாகப் படிப்பதைவிட நாலு பேர் சேர்ந்து படிப்பது நல்லது. சில பக்கங்களுக்குப் பிறகு பேச ஆள் தேவைப்படும்.

தொடக்கக் கேள்விக்கு வருவோம். ஊர் எரிந்த பிறகு போகும் நாம், யார் அடித்தார்கள், எத்தனை வீடு எரிந்தது என்று எழுதிக்கொள்கிறோம். அது அவசியம். முந்தைய இரவு எங்கே கூடினார்கள், மனுவை யார் எழுதினார்கள், தெரிந்தும் யார் வாயை மூடிக்கொண்டார்கள் என்று கேட்க இந்த நாவல்கள் நம்மைப் பழக்குகின்றன. அடுத்த முறை ஓர் ஊருக்குள் போகும்போது நம் குறிப்பேட்டில் இந்தக் கேள்விகளும் இருக்கட்டும். எரிவதற்கு முன்பே போய்க் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது.