மரம் வளரும் இரவு

நள்ளிரவு மணி அடிக்கிறது. விருந்துக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். வீட்டில் விளக்குகள் அணைந்துவிட்டன. இரவு உடையில் ஒரு சிறுமி மட்டும் கூடத்தில் தனியாக நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இருக்கும் கிறிஸ்துமஸ் மரம் லேசாக அசைகிறது. பிறகு வளரத் தொடங்குகிறது. 12 அடி மரம் 20 அடியாகி, 30 அடியாகி, இன்னும் மேலே போகிறது. ஆர்கெஸ்ட்ராவும் கூடவே ஏறுகிறது. ஒரு சின்ன மெட்டை எடுத்துக்கொண்டு, படிப்படியாக மேலே மேலே தூக்கிக்கொண்டு போகிறார் ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி. மேடைக்கு அடியிலிருந்து கீழ்க்கிளைகள் விரிந்து வருகின்றன. 41 அடியில் மரம் நிற்கும்போது, அதனடியில் நிற்கும் சிறுமி ஒரு பொம்மையளவுக்குச் சிறுத்துப்போயிருக்கிறாள்.

நியூயார்க் லிங்கன் சென்டரில், டேவிட் எச். கோக் அரங்கின் நான்காம் அடுக்கில் உட்கார்ந்து ‘நட்கிராக்கர்’ பாலேயின் இந்தக் காட்சியைப் பார்த்தேன். எனக்கு முன்வரிசையில் ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்குழந்தை அப்பாவின் மடியில் ஏறி எழுந்து நின்றுவிட்டாள். மறைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் 2,500 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கம் முழுக்கக் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

‘நட்கிராக்கர்’ என்பது கொட்டைகளைத் தாடையில் வைத்து உடைக்கும் சிப்பாய் உருவ மரப்பொம்மை. நம் பாக்குவெட்டிக்குத் தூரத்துச் சொந்தம். கிறிஸ்துமஸ் பரிசாக அப்படியொரு பொம்மையைப் பெறும் சிறுமி மேரி, அன்றிரவு ஏழு தலை எலி ராஜாவோடு அது போரிடுவதைப் பார்க்கிறாள். தன் செருப்பைக் கழற்றி எறிந்து பொம்மையைக் காப்பாற்றுகிறாள். பொம்மை இளவரசனாகிறது. பனி பொழியும் காட்டைக் கடந்து இருவரும் இனிப்புகளின் நாட்டுக்குப் போகிறார்கள். கதை இவ்வளவுதான். ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மன் 1816-ல் எழுதிய கதையை பிரெஞ்சுக்காரர் அலெக்சாண்டர் டூமா மாற்றி எழுத, அதிலிருந்து ரஷ்யர்கள் பாலே ஆக்கினார்கள். இன்று அமெரிக்காவில் டிசம்பர் பிறந்தால் பெரிய நகரத்து பாலே கம்பெனியிலிருந்து சிற்றூர் நடனப்பள்ளி வரை இதைத்தான் ஆடுகிறார்கள். நியூயார்க் சிட்டி பாலே மட்டும் நவம்பர் கடைசியில் நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள் தொடங்கி, புத்தாண்டு வரை 45 காட்சிகளுக்கு மேல் நடத்துகிறது.

இத்தனை காட்சிகள் என்பதாலேயே இதை இளக்காரமாகப் பார்ப்பவர்களும் உண்டு. “குழந்தைகள் ஆட்டம்”, “பண்டிகை வசூல்” என்று பாலே ரசிகர்களே சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் படைப்பின் உயிரே குழந்தைகள்தான் என்பது என் எண்ணம்.

முதல் குற்றச்சாட்டும் குழந்தைகளைப் பற்றியதுதான். 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாரின்ஸ்கி அரங்கில் இது முதன்முதலாக மேடையேறியபோது விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். மேடை முழுக்கச் சிறுவர் சிறுமியர். முதன்மை நடனமணியோ இரண்டாம் பாகத்தில், அதுவும் முடியப்போகும் நேரத்தில்தான் ஆடுகிறார். இது என்ன பாலே என்று கேட்டார்கள். திட்டம் வகுத்துக் கொடுத்த மாபெரும் நடன ஆசிரியர் மரியஸ் பெட்டிபா நோய்வாய்ப்பட, அவருடைய உதவியாளர் லெவ் இவானோவ்தான் நடனத்தை அமைத்தார். சைகோவ்ஸ்கிக்கே தன் இசையில் நம்பிக்கை வரவில்லை. தன் முந்தைய பாலே ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யின் தரத்துக்கு இது இல்லை என்று நினைத்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். நட்கிராக்கர் உலகமெங்கும் போனதை அவர் பார்க்கவில்லை.

அந்த இசை எந்த மனநிலையில் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1891 வசந்தத்தில், பாதி எழுதிய நிலையில், அவர் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். நியூயார்க்கில் கார்னகி ஹால் திறப்பு விழாவில் தன் இசையை நடத்தித்தர அழைப்பு. வழியில், பிரான்சில் இருக்கும்போதுதான் தங்கை அலெக்சாண்ட்ரா இறந்த செய்தி அவருக்குத் தெரிகிறது. அங்கே பாரிஸில்தான் செலஸ்டா என்ற புதிய வாத்தியத்தையும் பார்க்கிறார். பியானோபோலக் கட்டைகள், உள்ளே உலோகத் தகடுகள். வெள்ளிக் கிண்ணத்தில் நீர்த்துளி விழுவதுபோல ஓசை. பிறகு தன் பதிப்பாளருக்கு எழுதுகிறார்: இதை வாங்கி வையுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம், மற்ற இசையமைப்பாளர்கள், ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும், எனக்கு முன்னால் பயன்படுத்திவிடுவார்கள். இனிப்பு நாட்டை ஆளும் சுகர்பிளம் தேவதையின் நடனத்தில் இன்று உலகமே அடையாளம் காணும் ஓசை அதுதான்.

ஆனால் என்னைக் கலங்க வைப்பது வேறோர் இடம். கடைசியில் தேவதையும் அவளுடைய துணைவனும் ஆடும் ஜோடி நடனத்துக்கான மெட்டு, வெறும் அவரோகணம். மேல் சட்ஜத்திலிருந்து கீழ் சட்ஜம் வரை ஒவ்வொரு படியாக இறங்குகிறது. நம் காதுக்குச் சங்கராபரணம்: ச நி த ப ம க ரி ச. சங்கதி கிடையாது, அலங்காரம் கிடையாது. செல்லோக்கள் அதைத் தொடங்கும்போது, இனிப்பு நாட்டுக் கொண்டாட்டத்துக்குள் இத்தனை துயரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. தங்கையை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். தங்கையை இழந்த பிறகு எழுதினார் என்பதை மறந்துவிட்டுக் கேட்கவும் என்னால் முடியவில்லை.

மாரின்ஸ்கி மேடையின் அந்தக் குழந்தைகள் கூட்டத்தில், பல ஆண்டுகள் கழித்து, ஒரு சிறுவன் சேர்ந்தான். 1904-ல் பிறந்தவன், நடனப்பள்ளி மாணவன். எலியாக வந்திருக்கிறான். வளர்ந்ததும் வளையத்தைச் சுழற்றித் தாவும் ஆட்டத்தை ஆடியிருக்கிறான். குட்டி இளவரசனாகவும் வந்திருக்கிறான். ஜார்ஜ் பாலன்சின் என்று பின்னாளில் உலகம் அறிந்தவர் அவர்தான். 1924-ல் ரஷ்யாவைவிட்டு வெளியேறி, 1933-ல் அமெரிக்கா வந்து, அடுத்த ஆண்டே ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலே என்ற பள்ளியைத் தொடங்கினார். 1948-ல் நியூயார்க் சிட்டி பாலே பிறந்தது. கதையே இல்லாத, இசையும் உடலும் மட்டுமே உள்ள நடனங்களுக்குப் பேர்போனவர் அவர். அவர்தான் 1954 பிப்ரவரி 2 அன்று, கார்னகி ஹாலிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் சிட்டி சென்டர் அரங்கில், தன் பால்யத்து நட்கிராக்கரை மேடையேற்றினார்.

அமெரிக்காவில் முழு நட்கிராக்கரை முதலில் ஆடிய பெருமை சான்பிரான்சிஸ்கோ பாலேவுக்கு உரியது. போர்க்காலத்தில், 1944 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வில்லம் கிறிஸ்டென்சன் அமைப்பில் அது நடந்தது. ஆனாலும் நாடு முழுவதும் இது வழக்கமாக வேரூன்றியதற்குப் பாலன்சின் வடிவமே பெருங்காரணம். 1957-லும் 1958-லும் அது தொலைக்காட்சியில் வந்ததும் சேர்ந்துகொண்டது.

அவர் மரத்துக்காகச் சண்டை போட்டவர். 40,000 டாலர் பட்ஜெட்டில் 25,000 டாலரை அந்த மரமே தின்றது. மரமில்லாமல் செய்ய முடியாதா என்று நிர்வாகத்தில் கேட்டதற்கு, மரம்தான் பாலேயே என்று பாலன்சின் சொன்னதாகக் கம்பெனியில் இன்றும் சொல்வார்கள். பிடிவாதம் என்று தோன்றலாம். நான்காம் அடுக்கில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு அது முழுக்கப் புரிந்தது. ஒரு குழந்தை எந்த உயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்கிறதோ, அந்த உயரத்துக்குப் பார்வையாளர் எல்லோரையும் இறக்கிவிடுகிறது அந்த மரம். அது வளராவிட்டால் அதன்பின் வரும் எலிகளையும் பனியையும் நாம் நம்ப மாட்டோம்.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதி வரும். இனிப்பு நாட்டுக்கு வந்து சேர்ந்த குட்டி இளவரசனிடம், என்ன நடந்தது என்று சுகர்பிளம் தேவதை கேட்கிறாள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தனியாக முன்னால் வந்து, வாய் திறக்காமல், கையாலும் முகத்தாலுமே முழுக் கதையையும் சொல்கிறான். நாம் அபிநயம் என்று சொல்வோமே, அதுவேதான். எலிகள் சூழ்ந்ததை விரல்கள் காட்டுகின்றன. வாள் உருவிய கை பாய்கிறது, தடுக்கிறது. மேரியின் பக்கம் திரும்பி அவள் செருப்பை எறிந்ததைச் செய்து காட்டுகிறான். பிறகு ஒரு குத்து, எலி ராஜா விழுகிறான். மேடையில் நிற்கும் அத்தனை பேரும் அசையாமல் அந்தப் பையனைப் பார்க்கிறார்கள். அன்று நான் பார்த்த பையன் வாளை உறையில் போட்ட பிறகு ஒரு நொடி தாமதித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அரங்கில் கைதட்டல் எழும்பியது.

அந்தச் சைகைகளை பாலன்சின் புதிதாக உருவாக்கவில்லை. மாரின்ஸ்கியில் சிறுவனாகத் தான் கற்று ஆடியதை, அப்படியே நியூயார்க் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் 1983-ல் இறந்தார். அவரிடம் கற்றவர்கள் அடுத்தவர்களுக்குக் கற்பித்தார்கள். ரஷ்யப் பேரரசு போனது, சோவியத்தும் போனது. ஒரு பையனின் உடம்பிலிருந்து இன்னொரு பையனின் உடம்புக்கு அந்த அபிநயம் மட்டும் நூறு ஆண்டுக்கு மேலாகக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது. நம் ஊரில் குருவின் எதிரே நின்று அடவு கற்றவர்களுக்கு இதன் மதிப்பு சொல்லாமலே விளங்கும்.

மேடையில் வரும் குழந்தைகள் எல்லோரும் பாலன்சின் தொடங்கிய அந்தப் பள்ளியின் மாணவர்கள். இரண்டு அணியாகப் பிரித்து மாற்றி மாற்றி ஆடவைக்கிறார்கள். இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கு மேல். பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வயது. இலையுதிர் காலத்தில் தேர்வு நடக்கும். திறமையோடு உயரத்தையும் பார்ப்பார்கள். ஒவ்வொரு வேடத்துக்கும் உடை தயாராக இருக்கிறது, உடைக்கேற்ற குழந்தைதான் வேண்டும். சென்ற ஆண்டு பாதம் தெரியாமல் மிதந்துவந்த குட்டித் தேவதைகளில் ஒருத்தி, கோடையில் நாலு விரற்கடை வளர்ந்துவிட்டால் அந்த உடை அவளுக்கு இல்லை. அடுத்த வேடத்துக்கு ஏற வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். வளர்வதே லாபமும் நஷ்டமுமாகிற இடம் அது. எனக்கு அது கொஞ்சம் கொடுமையாகக்கூடப் பட்டது. ஆனால் எட்டு வயதில் பக்கத்துத் திரைக்குள் நின்று, சுகர்பிளம் தேவதை வியர்வையும் மூச்சிரைப்புமாக மேடையிலிருந்து வெளியே வருவதை ஒரு கை தூரத்தில் பார்த்த குழந்தைக்குக் கிடைப்பதை எந்த வகுப்பறையும் தராது. கம்பெனியின் பெரிய நடனமணிகளில் பலர் அந்தத் திரைக்குள் நின்றவர்களே.

2019-ல் முதல்முறையாக ஒரு கறுப்பினச் சிறுமி மேரியாக வந்தாள். அந்த ஆண்டு இளவரசர்களில் ஒருவன் தெற்காசிய வேர் கொண்டவன். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்புதான், சீனர்களைக் கேலிச்சித்திரமாகக் காட்டிய தேநீர் நடனத்தின் ஒப்பனையையும் அசைவுகளையும் கம்பெனி திருத்தியிருந்தது. நடனம் அதனால் எதையும் இழக்கவில்லை. முன்பே செய்திருக்க வேண்டும்.

வசூலைப் பற்றியும் மறைக்காமல் பேசலாம். ஆண்டு டிக்கெட் வருமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு இந்த ஐந்தாறு வாரங்களில் வந்துவிடுகிறது. வசந்தத்தில் யாரும் கேட்டிராத இசைக்குப் புது நடனம் அமைத்து, பாதி அரங்கு காலியாக இருந்தாலும் ஆட முடிகிறதென்றால் அதற்குப் படியளப்பது டிசம்பர்தான். தினசரி ஆட்டம் என்பதால் ஒரே ஆள் எல்லா நாளும் ஆட முடியாது. பின்வரிசையில் நிற்கும் இருபது வயதுப் பெண்ணுக்குச் சுகர்பிளம் தேவதையாக முதல் வாய்ப்பு கிடைப்பதும் பெரும்பாலும் இந்த மாதத்தில்தான்.

2020-ல் கொரோனா காரணமாகக் காட்சிகள் நடக்கவேயில்லை. அடுத்த ஆண்டு தொடங்கினார்கள். ஆனால் தேர்வு நடந்தபோது சிறு குழந்தைகளுக்குத் தடுப்பூசி வந்திருக்கவில்லை என்பதால், 12 வயது நிறைந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். உயரமான பிள்ளைகள், உடைகளை அவர்களுக்கேற்பப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு தொற்று பரவி, மிச்சக் காட்சிகளும் நின்றன. எட்டு வயதில் மேடையேறக் காத்திருந்து, அந்த இரண்டு குளிர்காலத்துக்குள் பத்து வயதாகிவிட்ட பிள்ளைகளை நான் நினைத்துக்கொள்கிறேன். அந்தச் சின்ன உடைக்குள் அவர்கள் இனி நுழைய முடியாது.

முதல் பாகம் முடிவது பனிப்பொழிவில். பதினாறு பெண்கள் பனித்துகள்களாகச் சுழல, மேலிருந்து வெள்ளைக் காகிதத் துண்டுகள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. தரை வழுக்கும், வாயைத் திறந்தால் காகிதம் உள்ளே போகும், வேகமோ கூடிக்கொண்டே போகும். வார்த்தையில்லாமல் குழந்தைகளின் குரல்கள் மட்டும் பாடும். ஒரு காட்சிக்கு 50 பவுண்டு காகிதம், நம் கணக்கில் இருபத்திரண்டு கிலோவுக்கு மேல். திரை விழுந்ததும் மேடைப் பணியாளர்கள் அகலத் துடைப்பங்களோடு வந்துவிடுகிறார்கள். கூட்டிய பனியை எறிவதில்லை. அதற்குள் காந்தத்தை ஓட்டி எடுக்கிறார்கள். பெண்களின் கூந்தலிலிருந்து விழுந்த ஹேர்பின்கள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு காகிதத்தை மறுபடி மேலே ஏற்றுகிறார்கள், மாலைக் காட்சிக்கு.