காயலாங்கடையில் கதிர்வீச்சு தாக்கினால்... ரத்தத்தை எண்ணி கணக்கு சொல்லும் விஞ்ஞானிகள்!

சென்னை,

டெல்லியில் மாயாபுரி என்று ஒரு ஏரியா. நம்ம புதுப்பேட்டை மாதிரி, தெரு முழுக்க பழைய இரும்பு, பழைய எந்திரம் பிரிக்கும் கடைகள். 2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்கு வேலை பார்த்த சிலருக்கு திடீரென கை கறுத்தது. முடி கொத்து கொத்தாக கொட்டியது. வாந்தி, பேதி வேறு. என்ன நோய் என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. டெல்லி பல்கலைக்கழகத்தில் 1985-ம் ஆண்டுக்கு பின் சும்மா கிடந்த ஒரு ஆராய்ச்சி எந்திரத்தை ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். அது கைமாறி மாயாபுரிக்கு வந்துவிட்டது. அதற்குள் இருந்தது கோபால்ட்-60 என்ற கதிரியக்க பொருள். ஈயக் கவசத்தை உடைத்து பிரித்ததும் கதிர்வீச்சு தாக்கியது. 7 பேர் பாதிக்கப்பட்டனர். அதில் ஒரு தொழிலாளி ஏப்ரல் 26-ந்தேதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

சட்டையில் மீட்டர் இல்லை

இந்த மாதிரி நேரத்தில் டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது, உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதுதான். அதை 'கிரே' என்ற அளவில் சொல்வார்கள். 1 கிரேக்கு கீழே என்றால் பெரும்பாலும் கண்காணிப்பு போதும். 2 கிரேயை தாண்டினால் ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும். 4 கிரே அளவுக்கு போய் சிகிச்சையும் கிடைக்காவிட்டால், பாதிப்பேர் 2 மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள்.

கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார்கள். பட்ட அளவை அது காட்டிக்கொடுத்துவிடும். காயலாங்கடை தொழிலாளிக்கு பேட்ஜுக்கு எங்கே போவது?

ஆனால் அவர் உடம்பிலேயே ஒரு மீட்டர் ஓடுகிறது. அதுதான் ரத்தம்.

மாறிப்போன ஒட்டு

நம் உடம்பின் செல்களுக்குள் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. டி.என்.ஏ. என்ற நூல் சுருண்டு கிடக்கும் கண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். கதிர்வீச்சு இந்த நூலை அறுத்துவிடும். உடனே செல்லே அதை ரிப்பேர் செய்ய ஆரம்பிக்கும். பல அறுப்புகள் சரியாக ஒட்டிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு குரோமோசோம் அறுந்தால்தான் சிக்கல். புயலில் அறுந்த இரண்டு கரண்டு கம்பியை இருட்டில் மாற்றி முறுக்கிவிட்ட கதைதான்.

சாதாரணமாக ஒரு குரோமோசோமுக்கு இடுப்பு மாதிரி ஒரே ஒரு ஒடுக்கம் இருக்கும். மாறி ஒட்டியதற்கு இரண்டு இடுப்பு. இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'டைசென்ட்ரிக்'. சாதாரண ஆளின் ரத்தத்தில் ஆயிரம் செல்லில் ஒன்றில் இப்படி இருந்தால் அதிகம். 1 கிரே பட்டவருக்கு 100 செல்லில் 8, 10 தென்படும். 2 கிரே என்றால் 25, 30 வரை போகும். ஆக, எண்ணினால் கணக்கு வந்துவிடும். இந்த வழியை 1962-ம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

எண்ணுவதுதான் கஷ்டம். ரத்தத்தை 2 நாள் ஆய்வகத்தில் வளர்த்து, கண்ணாடியில் பரப்பி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லாக பார்க்க வேண்டும். துல்லியமாக சொல்ல ஒரு ஆளுக்கு 500 முதல் 1000 செல் பார்க்கணும். கைதேர்ந்தவருக்கே நாள் கணக்கில் ஆகும்.

7 பேர் என்றால் சமாளிக்கலாம். 1987-ம் ஆண்டு பிரேசில் நாட்டின் கொயானியாவில் கைவிடப்பட்ட ஆஸ்பத்திரி கருவியை எடுத்துப்போய் பிரித்தார்கள். அதுவும் பழைய இரும்பு கடைக்குத்தான் போனது. 4 பேர் இறந்தனர். பயந்துபோய் சோதனைக்கு வந்தவர்கள் 1 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேல்! எல்லோருக்கும் ரத்தச் சோதனை தேவைப்படாது. ஆனால் சில நூறு பேருக்கு தேவைப்பட்டாலே ஒரு ஆய்வகம் திணறிவிடும்.

லேப்புக்கு லேப் கைகோர்ப்பு

அதனால்தான் ஆய்வகங்களை ஒன்றாக இணைக்கும் வேலை நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 'பயோடோஸ்நெட்' என்ற அமைப்பை உருவாக்கியது. ஐரோப்பாவில் 2012-ம் ஆண்டு 'ரெனெப்' தொடங்கியது. அவசர காலத்தில் ரத்தத்தை பல லேப்புகளுக்கு பிரித்து அனுப்புவார்கள். முதல் சுற்றில் ஆளுக்கு 50 செல் மட்டும் பார்த்து, யாருக்கு உடனே சிகிச்சை வேண்டும் என்று பிரித்துவிடுவார்கள். செல்லின் போட்டோவை கம்ப்யூட்டரில் அனுப்பி, வேறு நாட்டில் இருப்பவரை எண்ணச் சொல்வதும் உண்டு.

ஒரே ரத்தத்துக்கு ஒரு லேப் 1 கிரே, இன்னொரு லேப் 3 கிரே என்று சொன்னால் நோயாளி கதி என்ன ஆவது? அதற்காக விஞ்ஞானிகளுக்கும் பரீட்சை வைக்கிறார்கள். அளவை சொல்லாமல் நம்பர் மட்டும் போட்ட ரத்தத்தை எல்லா லேப்புக்கும் அனுப்பி, விடையை ஒத்துப்பார்ப்பார்கள். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வகமும், டெல்லியில் ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் இன்மாஸ் ஆய்வகமும் இப்படி ஒப்பிட்டுப்பார்த்த முடிவுகள் 2014-ம் ஆண்டு வெளியாயின. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இந்த வசதி உண்டு.

ரத்தம் அனுப்புவதிலும் விவகாரம் இருக்கிறது. உறைந்துவிடக் கூடாது, சூடேறவும் கூடாது. விமான நிலைய எக்ஸ்ரே எந்திரத்தில் விடவே கூடாது. அதுவும் கதிர்வீச்சுதானே!

விபத்து தினமும் நடப்பதில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் தொடர்ந்து எண்ணாவிட்டால் கண் பழக்கம் போய்விடும். விபத்து நடந்த பிறகு ஆள் தேடினால் எண்ணத் தெரிந்தவர் கிடைக்க மாட்டார்.

கடையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அளவுக்கு மீறி கனமான ஈய உருளையோ, மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் கறுப்பு காற்றாடி படமோ, மண்டை ஓடும் ஓடும் ஆளும் போட்ட சிவப்பு முக்கோணமோ கண்ணில் பட்டால் சுத்தியலை கீழே வைத்துவிட்டு தள்ளிப்போய் போலீசுக்கு தகவல் சொல்ல வேண்டும். ஏற்கனவே உடைத்துவிட்டால், ஆஸ்பத்திரியில் அந்த விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில வாரங்களுக்குள் ரத்தம் எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும்.