காது கேட்காததோடு முடிவதில்லை



சென்ற மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்து, கடன் கேட்டவர்களின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தோம். ஒரு சகோதரி தன் மகளின் காது மெஷினுக்கு பேட்டரி வாங்கவும், பேச்சுப் பயிற்சிக்கு டவுனுக்குப் போய்வரவும் கடன் கேட்டிருந்தார். பிள்ளைக்கு 5 வயது. கடன் கொடுத்துவிட்டோம். ஆனால் அவர் சொன்ன வார்த்தை எங்களைச் சும்மா விடவில்லை.

"அக்கா, ரெண்டு வயசாகியும் இவ பேசலைன்னு இதே கூட்டத்துலதான் சொன்னேன். லேட்டாப் பேசுற புள்ளதான் நல்லாப் பேசும், பொறுத்துக்கன்னு சொன்னீங்க. நானும் பொறுத்துக்கிட்டேன்."

உண்மைதான். சொன்னது நாங்கள்தான். நாக்கில் தேன் தடவச் சொன்னோம், கோயிலுக்கு நேர்ந்துக்கச் சொன்னோம். காதைப் பார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணவில்லை. நாலு வயதில்தான் அந்தப் பிள்ளைக்கு மெஷின் கிடைத்தது. இன்னொரு குழுவில் இது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறோம்.

பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வருகிறது?

தாய் வயிற்றில் ஆறேழு மாதம் ஆகும்போதே குழந்தைக்குக் காது கேட்க ஆரம்பித்துவிடும். பிறந்த பிறகு நாம் யாரும் அதற்கு உட்கார்ந்து பாடம் நடத்துவதில்லை. திண்ணையில் தக்காளி விலை பேசுகிறோம், அத்தைக்கும் மாமாவுக்கும் சண்டை என்கிறோம், நாளைக்கு வேலைக்குப் போகணும் என்கிறோம். மடியில் கிடக்கிற குழந்தை அத்தனையையும் வாங்கிக்கொள்கிறது. அப்படித்தான் அதற்குப் பேச்சு மட்டுமல்ல, அறிவும் வளர்கிறது.

காது கேட்காத குழந்தைக்கு இந்த வழி அடைபட்டுப் போகிறது. மாட்டைக் கையால் காட்டிவிடலாம். சோற்றைக் காட்டிவிடலாம். 'நாளைக்கு' என்பதை எப்படிக் காட்டுவது? 'ஒருவேளை', 'பாவம்', 'பொய்' இதையெல்லாம் எந்த விரலால் காட்டுவது?

அந்தச் சகோதரி வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் மகள் கத்திக் கதறுவாள், கடிப்பாள், தட்டைத் தூக்கி எறிவாள். பிடிவாதம் என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். புத்தி சரியில்லை என்றுகூடச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள். 'சாயந்திரம் வந்துடுவேன் கண்ணு' என்று நம் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போகிறோம். அவளுக்கு அதைச் சொல்ல வழியே இல்லை. அம்மா ஒவ்வொரு நாளும் ஒரேயடியாகப் போய்விடுகிறாள் என்றால் எந்தப் பிள்ளைதான் கதறாது?

பாதிப்பு வீடு முழுக்கப் பரவும். விளையாட்டுக்கு நடுவே பிள்ளைகள் ஆட்டத்தை மாற்றுவார்கள், இவளுக்குப் புரியாது, தப்பாட்டம் ஆடுறான்னு ஒதுக்கிவிடுவார்கள். பின்னால் வண்டி வருவது தெரியாது. மூத்தவள் எந்நேரமும் தங்கச்சிக்குக் காவல். பழி முழுக்கத் தாய் மேல்தான் வந்து விழும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காரியச் செவிடு என்று திட்டாதீர்கள்

முழுக்கக் கேட்காத பிள்ளையையாவது ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவோம். அரைகுறையாகக் கேட்கிற பிள்ளைதான் தப்பிவிடும். அடிக்கடி சளி, காதில் சீழ், ஒரு காது மட்டும் மந்தம், இப்படி. வீட்டில் பக்கத்தில் இருந்து கூப்பிட்டால் திரும்புவான். வகுப்பில் ஃபேன் சத்தத்திலும் பிள்ளைகள் இரைச்சலிலும் டீச்சர் சொன்னதில் பாதிதான் காதில் விழும். மீதியை ஊகித்து ஊகித்தே சாயங்காலத்துக்குள் களைத்துப் போவான். அவனுக்குக் கிடைக்கிற பட்டமோ 'சோம்பேறி', 'கவனமில்லை'. எங்கள் குழுவிலேயே மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். காதில் சீழ் வந்தால் எண்ணெய், பச்சிலைச் சாறு ஊற்றாதீர்கள், ஊக்கு விட்டுக் குடையாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

"கை தட்டினா திரும்புதே, தட்டு விழுந்தா முழிக்குதே" என்பார்கள். தட்டு விழுந்தால் தரை அதிரும், கை தட்டினால் நிழல் ஆடும், காற்று படும். குழந்தை அதற்கும் திரும்பும். இன்னொன்று, காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதம் 'ங்கா' கொட்டும். பிறகுதான் குறைந்துபோகும். அதைப் பார்த்தே பல தாய்மார் ஏமாந்துபோகிறார்கள்.

சரியான பரிசோதனைக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது. தூங்குகிற குழந்தையின் காதில் சின்ன அடைப்பான் வைத்து சத்தம் அனுப்பிப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் தலையில் ஒட்டுகள் ஒட்டி 'பெரா' டெஸ்ட் எடுப்பார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும், இதுதான் டாக்டர்கள் சொல்லும் கணக்கு. எடை குறைவாகப் பிறந்தது, மஞ்சள் காமாலை கடுமையாக வந்தது, மூளைக்காய்ச்சல் கண்டது, நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தை என்றால் கண்டிப்பாகப் பாருங்கள். கர்ப்பத்தில் ரூபெல்லா வந்தாலும் குழந்தையின் காதைப் பாதிக்கும். அதனால் 9 மாதத்தில் போடும் தட்டம்மை ரூபெல்லா ஊசியையும், ஒன்றரை வயதுவாக்கில் போடும் அடுத்த ஊசியையும் விடக்கூடாது.

அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை அரசு மருத்துவக் குழு வரும். அன்றைக்குப் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள். அவர்கள் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். கருவி போதாத குழந்தைக்கு 6 வயதுக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் ஆபரேஷன் உண்டு. காது மெஷினுக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

மெஷின் என்பது கண்ணாடி மாதிரி அல்ல, மாட்டியதும் பேச்சு வந்துவிடாது. கேட்கிற சத்தம் என்னவென்று பிள்ளைக்குப் பழக வேண்டும். பிள்ளை வளர வளரக் காது அச்சையும் மாற்ற வேண்டும். சில பிள்ளைகளுக்கு சைகை மொழிதான் கைகொடுக்கும். அதுவும் முழுமையான மொழிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த வழியானாலும் சீக்கிரம் வேண்டும்.

இந்த மாதக் கூட்டத்தில் தீர்மான நோட்டில் ஒன்று எழுதினோம். குழந்தையின் காதைப் பரிசோதிக்கப் போகிற உறுப்பினருக்கு பஸ் செலவு வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கப்படும், துணைக்கு ஓர் உறுப்பினரும் போவார். அந்த மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மாதான் முதல் ஆள், வருகிற செவ்வாய்க்கிழமை போகிறார். "வழி எனக்குத் தெரியும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்று கூட வருவது அன்றைக்குக் கடன் கேட்ட அதே சகோதரிதான்.