கவிழ்ந்த ஓடத்தில் மீண்டும் ஏறுதல்

கிரீன்லாந்தின் இன்யூட் வேடர்கள், 'கயாக்' என்னும் ஒற்றையாள் தோல் ஓடம் கவிழ்ந்தால், இருந்த இடத்தை விட்டு அகலாமலே துடுப்பை வீசி அதை நிமிர்த்திவிடுவார்கள். இவ்வித்தையை அவர்களிடம் கற்றுத் தேர்ந்தவர் ஜினோ வாட்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1932 ஆகஸ்டு மாதம் அவர் அங்கே தனியே வேட்டைக்குச் சென்றார். ஆளில்லாத ஓடமே தோழர்கள் கண்ணில் பட்டது. அவர் உடல் அகப்படவேயில்லை. அப்போது அவருக்கு வயது 25.

வித்தை தெரிந்தவரும் ஓடத்தினின்று வெளியே விழக்கூடும். அப்போது என்ன செய்வது? துடுப்பின் ஒரு நுனியில் காற்றடைத்த பையை மாட்டி மிதக்கவிட்டு, மறு நுனியை ஓடத்தின்மேல் அழுத்திப் பிடித்தால், அத்தாங்கலைக் கொண்டு ஒருவரே ஏறி அமரலாம்.

ஆனால் உள்ளே புகுந்த ஜலம் ஓடத்தை மறுபடியும் கவிழ்க்கப் பார்க்கும். கைப் பம்பு எளியது. எனினும் ஜலத்தை இறைக்கும்போது துடுப்பு கையில் நில்லாது. கால் பம்பும் மின்சாரப் பம்பும் இரு கைகளையும் துடுப்புக்கே விட்டுவிடுகின்றன. அலை மிகுந்த கடலில் தனியே செல்பவருக்கு அவையே உகந்தவை. மின்கலம் கைவிட்டால் உதவக் கைப் பம்பும் உடனிருக்கட்டும்.

குளிர்ந்த கடலில் விரல்கள் சில நிமிஷங்களில் மரத்துவிடும். ஆதலால், கரையோரத்தில் துணையோடு பலமுறை பழகிய உபாயமே நடுக்கடலில் தனியாளைக் காக்கும்.