தண்ணீர்க் கோளாறு: யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

கடையில் சரக்கு தீர்ந்தால் அன்றே ஆள் அனுப்புகிறோம். தராசு சிறிது தள்ளினாலும் உடனே சரிபார்க்கிறோம். குழாயில் கோளாறு என்றால் மட்டும், "யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று இருந்துவிடுகிறோம். இந்த அலட்சியத்திற்கு நாங்கள் கொடுத்த விலையை வணிக அன்பர்கள் முன் வைக்கிறோம்.

சென்னை ஜார்ஜ் டவுனில் எங்கள் கடை இருப்பது ஒரு பழைய கட்டடம். கீழே மளிகை, எண்ணெய், டீக்கடை என ஏழு கடைகள். மேலே ஒரு சிறு லாட்ஜ். எல்லோருக்கும் ஒரே சம்ப். சென்ற கோடையில் ஒருநாள் தண்ணீரில் வாடை வந்தது. ஏழு கடைக்காரர்களும் குடிநீர் வாரியத்தைத் திட்டினோம். ஆனால் ஒருவர்கூட வாரியத்துக்குத் தகவல் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் டீ மாஸ்டர் வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்ந்தார். அதன் பிறகே போன் செய்தோம். வந்த ஊழியர், சாலையிலிருந்து வரும் இணைப்பு நீரில் குளோரின் சோதனை மருந்தை விட்டார். மஞ்சள் நிறம் காட்டியது. சம்ப் நீரில் விட்டார், நிறமே மாறவில்லை. வாசல் வரை நல்ல தண்ணீர்தான் வந்திருக்கிறது. சம்ப் சுவரின் விரிசல் வழியாகக் கழிவுநீர்க் கசிவு உள்ளே இறங்கியிருக்கிறது. ஐந்து நாளும் குறை எங்கள் காலடியிலேயே இருந்தது! சம்ப்பைக் காலி செய்து, விரிசலை அடைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். மாஸ்டர் தேறிவிட்டார். டீக்கடை ஒன்பது நாள் மூடிக் கிடந்தது.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

சம்ப்பில் வந்து விழும் இணைப்பிலேயே தண்ணீர் வரவில்லை, அல்லது அங்கேயே கலங்கலாக இருக்கிறது என்றால் அது வாரியத்தின் பொறுப்பு. சென்னையில் 1916 என்ற எண்ணிலோ 044-45674567 என்ற எண்ணிலோ சொல்லலாம். மற்ற ஊர்களில் நகராட்சி, மாநகராட்சி குடிநீர்ப் பிரிவில் சொல்ல வேண்டும். கதவு எண், தெரு, எந்த நாளிலிருந்து கோளாறு என்பதைச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

சம்ப் நிறைந்திருந்தும் மேல்தொட்டி காலியாக இருந்தால் மோட்டாரையும் வால்வையும் பார்க்க வேண்டும். இது கட்டட உரிமையாளரிடம் சொல்ல வேண்டியது. ஒரு கடையில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கடையின் குழாயில்தான் அடைப்பு.

வெந்நீர் வராவிட்டால்

லாட்ஜ், உணவகம் நடத்தும் அன்பர்கள் ஹீட்டரைக் கழற்றும் முன் இரண்டு குழாய்களையும் திறந்து பாருங்கள். தண்ணீர், வெந்நீர் இரண்டுமே மெலிந்து வந்தால் குறை மேல்தொட்டியிலோ பொதுக் குழாயிலோ இருக்கும். வெந்நீர் மட்டும் மெலிந்தால் பெரும்பாலும் உப்பு அடைத்திருக்கும். போர் தண்ணீர் பயன்படுத்தும் இடங்களில் இது வழக்கம். நீர் வேகமாக வந்தும் சூடு இல்லை என்றால் தெர்மோஸ்டாட் அல்லது காயில் பழுது, எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஹீட்டரின் பாதுகாப்பு வால்வில் நீர் சொட்டுகிறதென்று அதை அடைத்துவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் ஹீட்டர் வெடிக்கும் அபாயம் உண்டு.

உரிமையாளர் கவனிக்காவிட்டால்

நமக்குச் சட்டத்தின் துணை உண்டு. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும். குடிநீர் போன்ற அத்தியாவசிய வசதியை வாடகைதாரருக்கு நிறுத்தி வைக்கக்கூடாது என்கிறது அது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்ய வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. வாய்வார்த்தையில் கடை நடத்தும் அன்பர்கள் இதை இப்போதே சரிசெய்து கொள்வது நல்லது.

மனுவுக்கு முன், உரிமையாளருக்குத் தேதியிட்டுக் கடிதம் எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடைக்காரர்களும் கையெழுத்திட்டால் அதன் பலமே வேறு.

இப்போது எங்கள் மோட்டார் அறையில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, கோளாறு, யாரிடம் சொன்னோம், புகார் எண், சரியான நாள் - இவ்வளவுதான் அதில். முதலில் காண்பவர் எழுத வேண்டும், எழுதியவரே போன் செய்ய வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. பேரேட்டில் ஏறாத கடன் வசூலாகாது என்பதை அறியாத வணிகர் உண்டா? பதிவாகாத புகாரும் அப்படித்தான்.